சந்தனப் பொட்டு வைத்த சவரக் கத்தி

உங்களில் ஒருவர் போன வாரம் எனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். பெங்களூரிலிருந்து யாரோ நம் சாணைக் கடைக்குக் கூரியரில் அனுப்பிய பழைய சவரக் கத்தி. "அக்கா, முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி வந்திருக்கு" என்று கீழே ஒரு வரி வேறு. பெரிதாக்கிப் பார்த்தேன். நிஜமாகவே தலை சீவலாம். சவரம்தான் செய்ய முடியாது. பளபளப்பு வர வேண்டும் என்று தேய்த்துத் தேய்த்துக் கத்தியின் முதுகைத் தகடாக்கி வைத்திருந்தீர்கள். பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பினேன். பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். இல்லை கண்ணு, அது அந்தக் கத்தியை வழியனுப்பப் போட்ட கும்பிடு.

கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கை வேகம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முட்டி வலியோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன வேலை, குறை சொல்வதைத் தவிர? ஆனாலும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பழைய கத்தியை எப்படிச் சரி செய்யத் தொடங்குவது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். போனைத் திறந்தால் வீடியோ வீடியோவாகக் கொட்டுகிறது. எங்கே கையை எடுப்பது என்று எவரும் சொல்வதில்லை. அதை நான் தெரிந்துகொண்டது ஒரு கத்தியிடம். கடைச் சாவியை உங்கள் கையில் கொடுப்பதற்குக் கொஞ்ச காலம் முன்னால் வந்த கத்தி அது.

கொண்டுவந்தவள் சத்யா. உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வந்த பிறகு அவளுடைய கத்தரிக்கோல்களை அவள் புருஷன்தான் கொண்டுவருகிறான். தியாகதுருகத்தில் இரண்டு பேருமாகச் சலூன் நடத்துகிறார்கள், ஒரு பெண் குழந்தை. ஆண்கள் சலூனில் பெண் முடி வெட்டுகிறாளா என்று முதலில் கண்ணாடிக்கு வெளியே நின்று சிரித்தவர்கள், பிறகு அவளுக்காகவே காத்திருந்து வெட்டிக்கொண்டார்கள். எனக்கு அவள்மேல் தனிப் பிரியம். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாணைக்கல் முன்னால் உட்கார்ந்த புதிதில், கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் போகிற சைக்கிளெல்லாம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் போகும். அதனால் அவள் வந்தால் எனக்குக் கடையில் ஒரு சொந்தக்காரி வந்த மாதிரி இருக்கும்.

ஆடி பிறந்திருந்தது. பஸ்ஸிலிருந்து நேராக இறங்கி வந்தவள், பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒன்னு காட்டறேன். திட்டக்கூடாது."

"திட்டற மாரி இருந்தா திட்டத்தான் செய்வேன். எடு."

மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு மடக்குக் கத்தி. கொம்புக் கைப்பிடி, அகலமான இரும்பு. கையில் வாங்கியதுமே எடை சொல்லிவிட்டது, அந்தக் காலத்து நல்ல சரக்கு என்று. திறந்தேன். கத்தியின் பக்கவாட்டில் மூன்று பொட்டுகள். சந்தனமும் அதன்மேல் குங்குமமும் அடுக்கடுக்காக ஏறி, காய்ந்து, சுவரில் அப்பிய சுண்ணாம்பு மாதிரி கெட்டிப்பட்டிருந்தன. நகத்தால் ஒன்றைப் பெயர்த்தேன். அடியில் கருப்பாக ஒரு குழி.

எனக்கு வந்ததே கோபம்!

"எந்தப் புண்ணியவாண்டி இந்த வேலையப் பாத்தது? ஈரச் சந்தனத்த இரும்பு மேல வச்சி அப்பிடியே வுட்டிருக்கறானே, அறிவு இருக்குதா அவனுக்கு? இதுக்கு இந்தக் கத்திய கெணத்துல போட்டிருக்கலாம்."

சத்யா தலையை நிமிர்த்தவில்லை.

"நான்தான்க்கா."

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, மெல்லக் கேட்ட பிறகுதான் முழுவதும் சொன்னாள்.

அது அவளுடைய அப்பாவின் கத்தி. கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்குப் போகிற வழியில் ஓர் அம்மன் கோயில். அந்த அம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடுகிற குடும்பங்கள் பிள்ளைக்கு முதல் மொட்டை அங்கேதான் போடும். இப்போதெல்லாம் மொட்டைக்குப் புது பிளேடுதான், ஒரு தலைக்கு ஒரு பிளேடு. நல்ல வழக்கம். ஆனால் தலைச்சன் பிள்ளைக்கு மட்டும் முதல் இழுப்பு பழைய கத்தியில் விழ வேண்டும். உச்சியிலிருந்து நெற்றிவரை ஒரே இழுப்பு. அதற்கு 'முதல் கத்தி' என்று பேர். அதற்குப் பிறகு கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து வைத்துவிட்டு, மிச்ச மொட்டையை பிளேடில் முடிப்பார்கள்.

அந்த முதல் கத்தி போடும் முறை, பரம்பரையாக வரும் கோயில் உரிமை, சத்யாவின் அப்பாவுடையது. அவருக்குப் பிள்ளை என்று இவள் ஒருத்திதான். தொழிலை இவளுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவர் தவறிய பிறகு, முறை தானாக அவளுடைய சித்தப்பா மகன் குமாரிடம் போனது. அவன் தன் சொந்தக் கத்தியில் செய்துகொண்டிருந்தான். பெண்ணைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இவளுக்கும் வாய் வரவில்லை.

"இந்த வருசம் போய் கேட்டுட்டேன்க்கா. எங்கப்பா எனக்குத்தான கத்துக் குடுத்தாரு, எனக்கு இன்னா கொறன்னு கேட்டேன். கோயில் பெரியவரு, 'உங்கப்பன் கத்தியோட வா. அந்தக் கத்தி வேல செஞ்சா முற உனக்கு. செய்யலன்னா உங்க அண்ணனுக்கே இருக்கட்டும், மறுபடி யாரும் கேக்கக் கூடாது'ன்னாரு. சரின்னு தலைய ஆட்டிட்டு வூட்டுக்கு வந்து கத்திய எடுத்துப் பாக்கறேன், இப்பிடிக் கெடக்குது."

வரும் வெள்ளிக்கிழமை கோயிலில் மொட்டை. அன்று செவ்வாய்.

சரி, பொட்டுக்கு வருவோம். அப்பா போன பிறகு கத்தியைச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள். வருடா வருடம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைத்து, அப்பா வைத்த அதே மூன்று இடத்தில் பொட்டு வைத்து, குங்குமம் இட்டுக் கும்பிட்டிருக்கிறாள். பழைய பொட்டைத் துடைக்கவே இல்லை.

"தொடைக்க மனசு வரலக்கா. கீழ இருக்கறது அப்பா கையால வச்ச பொட்டு."

"உங்கப்பா எப்பவாவது தொடைக்காம வுட்டிருப்பாரா? தொழில் தெரிஞ்ச மனுசன்!"

"நான் பாத்ததில்லியே. பூஜை அன்னைக்கு வெப்பாரு, அதப் பாத்திருக்கறேன். மறுநாள் நான் எழுந்திருக்கறதுக்குள்ள கத்தி சுத்தமா இருக்கும். அத நான் யோசிக்கவே இல்லக்கா."

பாருங்கள், இதுதான் நடந்தது. அந்த மனிதர் விடிவதற்குள் எழுந்து துடைத்து, எண்ணெய் போட்டு மடித்திருக்கிறார். வைப்பதைப் பார்த்த பெண், எடுப்பதைப் பார்க்கவில்லை. கடைசி வருடம் பூஜை முடிந்த கையோடு மனிதர் படுத்துவிட்டார். துடைக்க ஆளில்லை. அதற்குமேல் வருடா வருடம் பக்தியாக ஈரத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். குடிகாரன் கையில் சிக்கிய கத்திகளைப் பார்த்திருக்கிறேன், தேங்காய் உடைத்த கத்தியைக்கூடப் பார்த்திருக்கிறேன். பாசத்தால் பாழான கத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"மெஷின்ல போட்டா ஒடனே ஆயிடும்ன்றாங்களே?" என்றாள்.

ஆகும். ஒரு மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி ஆகும். சூடேறி நீலம் பாய்ந்து, இரும்பின் பதம் போய், பார்க்க மட்டும் அழகாக இருக்கும். இதைச் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டுப் போ, கையாலேயே பார்க்கிறேன், முடியும் என்றும் சொல்ல மாட்டேன், முடியாது என்றும் சொல்ல மாட்டேன் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பிள்ளைகளா, கத்தி கைக்கு வந்ததும் நீங்கள் உப்புத்தாளைத் தேடுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கத்தி என்ன செய்யப் போகிறது என்று முதலில் கேளுங்கள். அலமாரியில் உட்காரப் போகிறதா, பெரிய ஆளின் தாடையில் ஓடப் போகிறதா? இது பச்சைக் குழந்தையின் உச்சந்தலையில் ஓடப் போகிற கத்தி. அழகு கணக்கிலேயே வராது. அதனால் நடுவில் இருந்த இரண்டு குழிகளையும் நான் தொடவே இல்லை. துருவை மட்டும் எடுத்துவிட்டு விட்டுவிட்டேன். அவை வெட்டுகிற இடத்தில் இல்லை. கைப்பிடிக் கொம்பைப் பூச்சி அங்கங்கே கடித்திருந்தது. அதையும் விட்டேன். மூன்றாவது குழிதான் என்னை நிறுத்தியது. அது கத்தியின் மூக்குப் பக்கத்தில், அதாவது நுனியில், வெட்டு விளிம்பை ஒட்டி இருந்தது.

புதன்கிழமை அந்தக் குழியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது குமார் வந்தான். அவனும் நம் வாடிக்கைதான். கள்ளக்குறிச்சியிலேயே சலூன். தலை நிறைய சுருட்டை முடி, அதைக் கோதிக்கொண்டேதான் பேசுவான். அன்றைக்குக் கை தலைக்குப் போகவில்லை.

"அக்கா, சத்யா கத்தி உங்ககிட்டதான் இருக்குதுன்னு கேள்விப்பட்டேன்."

"இருக்குது. இன்னா இப்ப?"

"எப்பிடிக்கா இருக்குது?"

"அவ கத்தியப் பத்தி அவகிட்ட கேளு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அது வேலைக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்கக்கா. நீங்க சொன்னா அவ கேப்பா."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "ஏன்டா, தங்கச்சி வாயில மண்ணப் போடச் சொல்லி என்கிட்டயே வந்து நிக்கறியா?"

"முழுசா கேளுங்கக்கா." கையெடுத்துக் கும்பிட்டான். "எனக்கு ஆச இல்லன்னு சொல்லல. இத்தினி வருசம் அந்த வாசல்ல உக்காந்தவன், இருக்காதா? ஆனா அதுக்காவ வரல. அவ கை எனக்குத் தெரியும், என் கையவிட நல்ல கை. கத்திதான் பயமா இருக்குது. பொம்பள மொத மொத உக்கார்றா, ஊரே பாத்துக்கினு நிக்கும். கொழந்த தலயில ஒரு கீறல் வுழுந்தா கத்தி மேலயா பழி சொல்வாங்க? சாவற வரைக்கும் அவளச் சொல்லுவாங்க. அவ பொண்ண வேற சொல்லுவாங்க."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆசையும் பாசமும் ஒரே வாயிலிருந்து வந்தால் எதற்குப் பதில் சொல்வது? யோசித்துவிட்டுச் சொன்னேன்.

"குமாரு, இது ஆகாதுன்னா நானே அவகிட்ட சொல்லிடுவேன். நீ கேக்க வேண்டியதே இல்ல. ஆகும்ன்னா உன் மூஞ்சிக்கு நேராவும் சொல்லுவேன். அதுவரைக்கும் என்கிட்ட இருந்து ஒரு வார்த்த வராது. டீ குடிக்கிறியா?"

டீயைக் குடித்துவிட்டுப் போனான். இப்படி ஆட்கள் உங்களிடமும் வருவார்கள். நாம் சொல்வதால் ஒருத்தருக்கு லாபம், ஒருத்தருக்கு நட்டம் என்று இருக்கும்போது இரண்டு பக்கமும் வருவார்கள். கெட்டவர்கள் வந்தால் சமாளித்துவிடலாம். நல்லவர்கள் வந்து நிற்கும்போதுதான் கை தடுமாறும். இரும்பு என்ன சொல்கிறதோ அதைத்தான் நாம் சொல்ல வேண்டும், வந்தவரின் கண்ணீரைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

அவன் போனதும் கல்லில் தண்ணீர் விட்டுத் தொடங்கினேன். துருக் குழி சொத்தைப் பல் மாதிரி. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே எவ்வளவு குடைந்திருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும். விளிம்பைக் கொஞ்சம் தேய்த்துப் பார்த்தேன், குழி போகவில்லை. இன்னும் கொஞ்சம். போகவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் விளிம்பில் ரம்பப் பல் மாதிரி ஒன்று நின்றது. சரி, இன்னும் ஒரு தேய்ப்பில் தாண்டிவிடுவோம் என்று மனசு சொல்லும் பாருங்கள், அந்தக் குரல்தான் நம் தொழிலுக்குச் சத்துரு. அதைக் கேட்டு இன்னொரு தேய்ப்புத் தேய்த்தேன். மூக்குப் பக்கத்தில் மணல் அளவு ஒரு துணுக்கு உதிர்ந்து கல்லில் விழுந்தது.

கையை எடுத்துவிட்டேன். கல்லைக் கழுவி, கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். எதிர்க் கடையில் வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாங்கித் தின்றேன். பயப்படும்போது எனக்குப் பசிக்கும்.

குழியைத் தாண்டும்வரை முழு விளிம்பையும் தேய்த்தால் கத்தி ஒடுங்கிப் போய்விடும். குழந்தைத் தலைக்குத் தேவையான பிடிமானம் இருக்காது. தேய்க்காமல் விட்டால் அந்த ரம்பப் பல் தோலைக் கிழிக்கும். மிச்சம் ஒரே வழி. மூக்கை வெட்டி எடுத்துவிடுவது. கைப்பிடி ஓரத்திலிருந்து முக்கால் வாசிவரை இரும்பு பழுதில்லாமல் இருந்தது. கெட்ட பகுதியை எடுத்துவிட்டால் மிச்சக் கத்தி குட்டையாக, ஆனால் முழு ஆரோக்கியமாக நிற்கும்.

வெட்ட எனக்குத் தெரியும். ஆனால் முழுக் கத்தியாகக் கொடுத்தவளிடம் குட்டைக் கத்தியை நீட்ட எனக்கு உரிமை இல்லை. வியாழன் காலையில் போன் போட்டு வரச் சொன்னேன். கத்தியைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காட்டி, உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "அப்பா கத்திய வெட்டறதா? வாணாங்க்கா. அப்பிடியே குடுத்துடுங்க. முற போனா போவட்டும், கத்தியாவது முழுசா இருக்கட்டும்."

"சரி. எடுத்துக்கினு போ. எண்ணெ போட்டு வச்சிருக்கறேன். இனிமே பொட்டு வச்சா மறுநாள் தொடச்சிடு."

கத்தியை எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போனாள். அங்கேயே நின்றாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட நாக்கு துறுதுறுத்தது, கடித்துக்கொண்டேன். இந்த இடத்தில் நாம் ஒரு வார்த்தை சொன்னாலும் அது நம் கத்தியாகிவிடும், அவளுடையதாக இருக்காது.

திரும்பி வந்தாள். கத்தியைப் பாதி திறந்து, அப்பா பிடிப்பது மாதிரி பிடித்துப் பார்த்தாள். ஆட்காட்டி விரல் நீண்டுபோய்க் கத்தியின் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

"அக்கா... கொழந்தைங்களுக்குன்னா அப்பா இப்பிடித்தான் புடிப்பாரு. மூக்க வெரலால மூடிக்குவாரு. முன கின பட்டுடப் போவுதுன்னு."

"அப்ப மூக்கால எந்தக் கொழந்தைக்கும் வழிச்சதே இல்ல?"

"இல்ல." கண்ணைத் துடைத்தாள். "வெட்டுங்கக்கா. நான் பக்கத்துல இருக்கறேன்."

தண்ணீரில் முக்கி முக்கி, சூடேறாமல் வெட்டினேன். துண்டு விழுந்த சத்தத்துக்கு அவள் தோள் ஒருமுறை அதிர்ந்தது. வெட்டிய மூலையைக் குழந்தையின் நகம் மாதிரி உருட்டி விட்டேன். பிறகு கல்லில் தீட்டி, கடைசியாகத் தோல் வாரில் இழுத்தேன். முன்கையில் வைத்துப் பார்த்தேன், முடி சத்தமில்லாமல் வந்தது. அவளும் தன் கையில் பார்த்துக்கொண்டாள். மடித்தால் நீளக் கைப்பிடிக்குள் குட்டை இரும்பு, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி இருந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு, மூக்க எடுத்துட்டோம்னு" என்றேன். "நீங்களும் வாங்கக்கா" என்றாள். கடைக்குப் பூட்டைப் போட்டுவிட்டுப் போனேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். வேப்பிலையும் கூழ் வாசமும். விறகடுப்பில் ஒரு அண்டா தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் மொட்டை எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயக் குடும்பத்தின் பிள்ளைக்கு. குண்டுக் குழந்தை, தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வேட்டி நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது. தலை நிறைய கருகருவென்று முடி.

சத்யா பெரியவர் முன்னால் கத்தியைத் திறந்து தாம்பாளத்தில் வைத்தாள். அவர் கேட்கும் முன்னே சொன்னாள்.

"அப்பா கத்திங்க. மூக்கு துருப்புடிச்சி அழுவிப்போச்சி. எடுத்துட்டோம். மீதி நல்லா இருக்குதுங்க."

பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கத்தியில் நான் விட்டுவைத்த இரண்டு கரும்புள்ளிகளைத் தொட்டுப் பார்த்தார். "கத்தி அவன் கத்திதான். ஆனா கொறையா இருக்குதேம்மா. கொற கத்தியில தலச்சன் புள்ளைக்கு எப்பிடி...?" என்று இழுத்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. குழந்தையின் அம்மா பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, பெற்றவள். சத்யாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போதுதான் குமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். தங்கையைப் பார்க்கவில்லை. பெரியவரையும் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தான்.

"அக்கா, நேரா சொல்லுங்க. ஆகுமா, ஆகாதா?"

இந்த ஒரு நொடிக்காகத்தான் உங்களிடம் இத்தனையும் சொல்லிக்கொண்டு வந்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். 'என் கைக்குச் சரியாகத்தான் தெரிஞ்சுது' என்று சொல்லலாம். 'பார்த்து மெதுவாகப் போடட்டும்' என்று சொல்லலாம். நாளைக்கு ஏதாவது ஆனால் தப்பித்துக்கொள்ள ஆயிரம் வார்த்தை இருக்கிறது. ஆனால் நான் ஒரு சந்து விட்டாலும் அந்தச் சந்து வழியாக ஒழுகிப் போவது அவளுடைய முறை. விளிம்பை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், கைப்பிடி ஓரத்திலிருந்து உருட்டிய மூலைவரை. எங்கேயும் தட்டவில்லை.

"ஆகும்" என்றேன்.

அவ்வளவுதான். குமார் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சத்யாவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தலையைக் குனிந்தான்.

"கொழந்த தலைக்கு முன்னாடி என் தலைக்குப் போடு."

"அண்ணா, வாணாம்ண்ணா. உன் முடி..."

"முடி மொளைக்கும். போடும்மா. கூட்டம் நிக்குது பாரு."

அந்தச் சுருட்டை முடியை அவன் எப்படி வளர்த்தான் என்று எனக்குத் தெரியும். சத்யா தண்ணீர் தொட்டு உச்சியை நனைத்தாள். அவன் குனிந்தபடியே, "அப்பிடித்தான், பெரியப்பா மாரியே புடிச்சிக்கினு இழு" என்றான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். உச்சியிலிருந்து நெற்றிவரை ஒரே இழுப்பு. கொத்தாக முடி விழுந்தது. நடுத்தலையில் வெள்ளையாக ஒரு பாதை. பெரியவர் குனிந்து, விரலால் அந்தப் பாதையைத் தடவினார். விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"ம். புள்ளயக் கொண்டாங்க" என்றார்.

நான் அழுதுவிட்டேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? முந்தானையால் துடைத்துக்கொண்டே அழுதேன்.

கத்தியை அண்டாத் தண்ணீரில் முக்கி எடுத்து, வெள்ளைத் துணியில் துடைத்து ஆற வைத்தார்கள். அம்மா தயங்கித் தயங்கிப் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் திரும்ப விட்டாள். அது தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. குமார் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் அந்தச் சின்னத் தலையைப் பிடித்துக்கொண்டான். "தங்கமே, ஆடக்கூடாது, அத்த பூ வெச்சி வுடும் பாரு" என்று ஏதேதோ சொன்னான். பிள்ளை அவன் தலையிலிருந்த கோட்டைப் பார்த்துச் சிரித்தது. அது சிரித்துக்கொண்டிருக்கும்போதே சத்யா முதல் கத்தியைப் போட்டு முடித்துவிட்டாள்.

அதற்குள் பின்னால் வரிசை நின்றுவிட்டது. அந்த வருடம் தலைச்சன் பிள்ளைகள் நிறைய. சத்யாவுக்கு நிமிர நேரமில்லை, அண்ணன் தலையில் மிச்ச முடியை எடுத்துவிட யாருக்கும் நினைப்பும் இல்லை. அடர்ந்த முடிக்கு நடுவில் ஒற்றை வெள்ளைக் கோட்டோடு அவன் கோயில் முழுக்க நடந்தான். சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிக் கேலி செய்தன. என்னால் பார்க்க முடியவில்லை.

"டேய், துண்டையாவது எடுத்துத் தலையில கட்டுடா."

"எதுக்குக்கா? பாக்கட்டும்."

வரிசையில் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பயந்து நின்ற ஒவ்வொரு தாயிடமும் போனான். தலையைக் குனிந்து காட்டினான்.

"தொட்டுப் பாருங்கம்மா. ஒரு கீறல் இருக்குதா? எங்க பெரியப்பா கத்தி. எங்க தங்கச்சி கை."